காலை ஊன்றாதீர்கள், தினமும் வாருங்கள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆண்டு மலருக்காகப் பேராசிரியர் செம்பியன் போன் செய்தார். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு மருத்துவப் பொருளாதாரம் எதற்கு என்று ஒரு கதை வேண்டுமாம்.

"அந்தக் கிளாஸையே எடுத்துடலாம்னு பேசிக்கிறாங்க சார். நீங்க எழுதுறதப் படிச்சிட்டு பசங்க அழுவணும்."

அழவைப்பது எனக்குக் கைவந்த கலை. சரி என்றேன்.

முதல் தொடக்கம்: "சிதம்பரத்தில் அன்று மழை..." வேண்டாம். மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: "வளங்கள் அளவானவை, தேவைகளோ..." இதற்கு நீங்கள் பாடப்புத்தகத்தையே படித்துவிடலாம்.

2

ஆகவே ஆளிலிருந்து தொடங்குகிறேன். இலக்கியா பயிற்சி மருத்துவர். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறாள். (அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையைத் தேட வேண்டாம். ஆலப்பாக்கம் பக்கத்தில் நானே கட்டியது. லிஃப்ட் வைக்க மறந்துவிட்டேன்.)

கல்லூரியில் மங்கலம் மேடத்தின் பொருளாதார வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். இலக்கியா தூங்கியதில்லை. இலவச வைத்தியத்துக்கும் நோயாளி ஒரு விலை கொடுக்கிறார், அது எந்தப் பில்லிலும் வராது என்று மேடம் சொன்னதைப் பரீட்சையில் அழகாக எழுதி முதல் மதிப்பெண் வாங்கினாள்.

"எகனாமிக்ஸ் படிச்சா புண்ணு ஆறிடுமா?" என்பான் அவளோடு படித்து, இப்போது அவளோடே பயிற்சியில் இருக்கும் அருள்முருகன். "அந்த நேரத்துல நாலு தையல் போடக் கத்துக்குடுத்தா புண்ணியமாப் போவும்."

இலக்கியா பாட்டுக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள்.

3

கொளஞ்சி என்ற பெண் திருவதிகையிலிருந்து வந்தார். முந்திரி உடைக்கிற வேலை. சர்க்கரை நோய். உள்ளங்காலில் புண், ஆனால் வலி தெரியவில்லை. வலி தெரியாததுதான் அந்த நோயின் கொடுமை.

இலக்கியா பொறுமையாகச் சுத்தம் செய்து கட்டுப்போட்டாள். சீட்டில் இரண்டு வரி எழுதிப் படித்தும் காட்டினாள். காலைத் தரையில் ஊன்றக் கூடாது. தினமும் வந்து கட்டு மாற்றவும்.

"வேலைக்கெல்லாம் போவாதீங்க. இங்க எல்லாம் ஃப்ரீதாம்மா, வந்தாப் போதும். வரலன்னா காலையே எடுக்க வேண்டியதாயிடும்."

"வந்துடறேன் டாக்டரம்மா."

சொன்னபடி வந்தார். வரவர புண் ஆழமாகிக்கொண்டே போனது.

"ஊட்ல நடக்கறீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. வேலைக்கே போவல."

இலக்கியா நம்பவில்லை, அது முகத்தில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கொளஞ்சி வரவில்லை. 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று எழுதும்போது இலக்கியாவுக்குக் கோபம்தான் வந்தது.

[இடைக்குறிப்பு: அவளை இரக்கமில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். கொளஞ்சியை வரிசையில் முன்னால் கூப்பிட்டவள், தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தவள். இரக்கத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் தெரியும். அந்த ஆள் வந்த வழி தெரியாது, அதைக் கேட்கப் பழக்க வேண்டும், வகுப்பு அதற்குத்தான். இப்படி எழுதி முடித்த கையோடு உறைத்தது: முதல் மதிப்பெண் வாங்கியவளே கேட்கவில்லையே! கதை எனக்கே எதிராகத் திரும்பிவிட்டது. கொஞ்ச நாள் இதைத் தொடவில்லை.]

4

பிறகு ஒரே மூச்சில் முடிவை எழுதினேன்: "அறுவை அரங்கின் கதவு திறந்தது. முழங்காலுக்குக் கீழே..."

செம்பியனுக்குப் படித்துக் காட்டினேன். "அதேதான் சார், காலை எடுத்துடுங்க. அப்பத்தான் மனசுல நிக்கும்" என்றார்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அதைவிடச் சுலபமாக நான் எழுதியிருந்தேன். ஒரு வகுப்பு பிழைக்க ஒரு பெண்ணின் கால். கொளஞ்சியை ஒரு வார்த்தை கேட்டோமா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

இன்னொரு முடிவில் புண் ஆறி, கொளஞ்சி ஒரு பை முந்திரியோடு நன்றி சொல்ல வருகிறார். அதையும் கிழித்தேன். அது விளம்பரம்.

5

கோபம் ஆறியபின் இலக்கியா கொளஞ்சிக்குப் போன் செய்தாள். 'ஏன் வரல?' என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். மேடத்தின் குரல் நினைவுக்கு வந்தது என்று நான் எழுதலாம். வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்.

"இங்க வந்து போறதுன்னா என்னென்ன பண்ணணும்? மொதல்லேர்ந்து சொல்லுங்கம்மா."

"ஊட்லேர்ந்து ரோட்டுக்கு நடக்கணும். பஸ்ஸு புடிச்சித் திருப்பாதிரிப்புலியூர்ல எறங்கி, சிதம்பரம் பஸ்ஸுக்கு அந்தக் கோடிக்கு ஓடணும். எடம் எங்க கெடைக்குது, நின்னுகிட்டேதான். உங்க கேட்லேர்ந்து உள்ள வரைக்கும் நடை. சீட்டுக்கு நிக்கணும், மருந்துக்கு நிக்கணும். திரும்பறப்பவும் அதே கததான்."

"வேலை செய்யற எடத்துல?"

"அதுவா? கம்பெனி ஊட்டுக்குப் பின்னாடியேதாம்மா. ஒக்காந்த எடத்துலயே ஒடைக்கறதுதான். காலக்கூடத் தூக்கி முக்காலில வச்சிக்கலாம். நீங்கதான் போவாதன்னுட்டீங்க."

புண்ணை மிதித்து மிதித்து ஆழமாக்கியது வேலையல்ல, வைத்தியம். கால் ஊன்றாமல் தினமும் எப்படி வருவது என்பது சீட்டை எழுதிய அவளுக்கும் தோன்றவில்லை, அதைப் படித்த யாருக்கும் தோன்றவில்லை.

"தப்பு என்னுதும்மா" என்றாள். "இனிமே தினம் வராதீங்க. வேலைக்குப் போங்க, காலத் தூக்கியே வச்சிக்குங்க."

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அருள்முருகன், "அவங்க ஊரு ஹெல்த் சப் சென்டர்ல இளவரசின்னு ஒரு நர்ஸ் இருக்காங்க. ஊட்டுக்கே போயி கட்டு மாத்தச் சொல்லி நான் பேசறேன்" என்றான்.

6

இன்று கொளஞ்சி ஆட்டோவில் வந்திருக்கிறார். நடக்கவில்லை. முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். "பிரிச்சிப் பாருங்கம்மா" என்கிறார். இலக்கியா கட்டைப் பிரிக்கத் தொடங்குகிறாள்.

நான் இங்கே நிறுத்துகிறேன். உள்ளே சிவப்பாக இருந்தால் புண் ஆறுகிறது. கறுப்பாக இருந்தால் அவள் கேட்பதற்குள் காலம் கடந்துவிட்டது. கறுப்பு கதைக்கு நல்லது. சிவப்பு கொளஞ்சிக்கு நல்லது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றது போய்விடும். அந்த விலையைக் கொடுக்கப்போவது நானல்ல என்பதால் எனக்கு அந்த உரிமையும் இல்லை.

நான் கையை எடுத்துவிட்டேன். கடைசிச் சுற்றுத் துணி புண்ணோடு ஒட்டியிருக்கிறது. அவருக்கு வலி தெரியாது, ஆனாலும் மெதுவாக எடுங்கள், டாக்டர்.