தளிக்கு அப்பால் ஓர் அருவி

‘தயாரித்தவர்’ என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிச் சுகுணா காகிதத்தை மேகலாவிடம் நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போய்வரும் திட்டம் அது. கம்பெனியில் நாளெல்லாம் சர்க்யூட் போர்டுகளை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பழுது தேடுகிறவள் சுகுணா. எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் அவளுக்கு மனசு ஆறும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஆறரை மணி பஸ். தளியில் இறங்கி டீ, பத்து நிமிடம். அங்கிருந்து டவுன் பஸ். மேகலா வீட்டிலிருந்து அருவிக்கு நடை, கம்பெனிப் பாஷையில் ‘சைக்கிள் டைம்’, நாற்பது நிமிடம். பஸ்ஸைத் தவறவிட்டால் எப்படிச் சரிக்கட்டுவது, என்ன ‘ரீவொர்க்’ என்பதற்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“போடுடி. உங்கூரு அருவி, நீதான பொறுப்பு?”

மேகலா போட்டாள். அந்த அருவியை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க அது இருந்தால்தானே.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இருவரும் கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் புதிதாகச் சேர்ந்தபோது ஆரம்பித்தது. தலைக்குக் குல்லா, வாய்க்கு மாஸ்க், உடம்புக்கு வெள்ளைக் கோட்டு. கண் மட்டும்தான் ஆள். பக்கத்து இடத்தில் இருந்த கண்கள், மத்தூர் சந்தையைப் பற்றியும் அங்கே வந்து குவியும் மாங்காயைப் பற்றியும் பெருமையாகச் சொல்லிவிட்டு, உங்கூர்ல என்ன இருக்கு என்று கேட்டன. மேகலாவின் ஊரில் முட்டைக்கோஸும் ராகியும் யானைப் பயமும் இருந்தன. அதைச் சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. “அருவி இருக்கு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மதிய ஷிஃப்டில் லென்ஸ் பார்த்துக் கண் எரியும்போதெல்லாம் சுகுணா தலையைத் தூக்காமல், “அருவியச் சொல்லுடி” என்பாள். லைனுக்குள் நுழையுமுன் தூசி போவதற்காக ஒரு சின்ன அறையில் நிற்கவைத்து நாலா பக்கமும் காற்றடிப்பார்கள். அந்த இருபது விநாடி கண்ணை மூடிக்கொண்டால் மேகலாவின் காதுக்கு அது தண்ணீர்ச் சத்தம்தான். அங்கிருந்தே அவள் அன்றன்றைக்கு வேண்டிய அருவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒருநாள் அது மூன்று கிளையாகப் பிரிந்து விழுந்தது. ஒருநாள் தண்ணீருக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடம் வந்தது. இன்னொரு நாள் ஈரப் பாறையில் மஞ்சள் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்தன. சொல்லச் சொல்ல அவளுக்கே பாதம் சில்லிட்டது. அவள் மறந்துபோனதைச் சுகுணா எடுத்துக்கொடுத்தாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். கேன்டீனில் சுகுணா தன் தட்டிலிருந்த முட்டையையும் இந்தப் பொய் சொன்ன வாய்க்கே வைத்தாள்.

மாசியில் சுகுணாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மத்தூர்ப் பக்கமே. வேலைக்கு அனுப்பமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். தேதி குறித்த அன்று ஹாஸ்டல் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே அவள் சொன்னாள்: “ஸ்கூலு, ஹாஸ்டலு, கம்பெனி, இனிமே அவங்க வூடு. ஒரு தடவையாச்சும் ஒரு வேலையும் இல்லாம ஒரு எடத்துக்குப் போய்ட்டு வரணும்டி. உன் அருவிக்குக் கூட்டிட்டுப் போ.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை ஊர் ஏசும். மேகலாவின் சிக்கல் அதைவிடப் பெரியது. அவள் வெறும் சோற்றிலிருந்து பூசணிக்காயை எடுத்துக் காட்டியாக வேண்டும். ஒரு நப்பாசையில் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா மாரம்மா, வீட்டில் கன்னடம்தான் பேசுவாள். கோபம் வந்தால் தமிழும் கலந்துவரும்.

“நீரு எல்லி பருத்தே? தை மாசத்துல தண்ணி எங்கிருந்து வரும்? ஆடு மேய்க்கற பாறை ஒண்ணு இருக்குது. மழை புடிச்சா நாலு நாளு அதுல ஒழுகும். அதப் பாக்கவா பஸ்ஸேறி வரீங்க?”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். திங்கட்கிழமை சொல்லப் போனபோது, பாறை வழுக்குமே என்று சுகுணா புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தாள். புதன்கிழமை மாற்றுத்துணிக்குக் கட்டத்தில் ஒரு வரி சேர்த்தாள். வெள்ளிக்கிழமை, மேகலா வாயைத் திறக்குமுன், “ராத்திரி கனவுல வந்துச்சுடி. நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு” என்றாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? மேகலாவுக்கு ஒரு சந்தேகம்கூட வந்தது. இரண்டு பேருக்கு இத்தனை தெளிவாகத் தெரிகிற ஒன்று, எங்கேயோ ஒரு மூலையில் இல்லாமலா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கட்டத்தில் எழுதியபடியே நடந்தது. பஸ் நேரத்துக்கு வந்தது. கம்பெனிச் சுவர்கள் தீர்ந்து, ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் தீர்ந்து, தளியில் இறங்கியபோது பனி இன்னும் கலையவில்லை. டீக்கடையில் நாலு பேர் மூன்று பாஷையில் முட்டைக்கோஸ் விலையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சுகுணா பஸ் ஜன்னலில் பார்த்ததையெல்லாம் டீயை ஊதிக்கொண்டே வாய் ஓயாமல் சொன்னாள். டவுன் பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்ததும் மாரம்மா ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டாள். யானைக் கூட்டம் மறுபக்கம் போய்விட்டதாக ஃபாரஸ்ட் வாட்சர் சொன்னதையும், உச்சிப்பொழுதுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதையும் இரண்டு முறை சொன்னாள். மகளை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அதோடு சரி.

ஆட்டுத் தடம் காட்டோரமாகப் போயிற்று. சுகுணா முன்னால் நடந்தாள். பனி விலகாத மரங்களுக்கு நடுவே அவளுடைய சிவப்புத் துப்பட்டா தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அரை மணி நேரம் ஆனதும் அவள் நின்று காது கொடுத்தாள்.

“சத்தமே கேக்கலயே?”

மேகலா அவளுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். “சுகுணா, அருவி இல்லடி.”

“வத்திருச்சா?”

“எப்பவும் இல்ல. நான் பாத்ததே இல்ல. எல்லாம் சும்மா சொன்னது.”

சுகுணா திரும்பிப் பார்த்தாள். லென்ஸுக்கு அடியில் உடைந்த போர்டைப் பார்க்கிற பார்வை. கண் சிவந்துவிட்டது. “ரெண்டு வருஷமா?” என்றாள். மேகலா தலையாட்டினாள். அடித்திருந்தால்கூடத் தேவலை போல இருந்தது. சுகுணா திரும்பி, வந்த வழியில் இல்லாமல், தடம் போன வழியிலேயே மறுபடி நடந்தாள்.

“எங்கடி போற? அங்க ஒண்ணும் கெடையாது.”

“நாப்பது நிமிஷம் இன்னும் ஆகல.”

தடம் பாறையில் போய் முடிந்தது. மூன்று ஆள் உயரம். பக்கத்தில் காய்ந்த ஆட்டுப் புழுக்கை. உச்சியிலிருந்து அடிவரைக்கும் என்றைக்கோ ஒழுகிய தண்ணீரின் கறுப்புத் தடம் ஒரு சேலை அகலத்துக்கு இறங்கியிருந்தது. சுகுணா அதை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, வேலையில் பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் கறுப்பில் வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. மேகலா அழ ஆரம்பித்திருந்தாள்.

“என்ன மன்னிச்சிருடி.”

“வாய மூடு.” சுகுணாவின் குரலும் சரியாக இல்லை. “அந்த வூட்ல யாராச்சும் கேப்பாங்க. நீ எங்கயாச்சும் போயிருக்கறயான்னு. நான் பாத்தத நான்தான சொல்லணும்? தண்ணி எங்கிருந்து விழும்?”

மேகலா கையைத் தூக்கிக் காட்டினாள். “அங்க... மூணாப் பிரியும்.”

“பூச்சி?”

“இந்தக் கல்லுல.”

சுகுணா அண்ணாந்து பார்த்தாள். வெயில் பாறையின் உச்சிக்கு வந்திருந்தது. பிறகு துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மேகலாவின் கையைப் பிடித்து ஓரடி பின்னால் இழுத்தாள்.

“தள்ளி நில்லுடி, நனைஞ்சிருவ.”