எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு கோடு

சுலோஜனாவின் வலது மணிக்கட்டு எரிந்தது. நான்கு நாளாக, கம்பெனி அலுவலகத்தில் மடுல்சீமைத் தோட்டத்தின் பழைய வரைபடத்தைக் கணினித் திரையில் விரித்து, முப்பத்தொரு தேயிலை மலைகளின் எல்லையையும் மவுஸால் புள்ளி புள்ளியாகக் குத்தி வரைந்திருந்தாள். ஒவ்வொரு மலைக்கும் அதன் கொழுந்துக் கணக்கை இணைத்துவிட்டால், நிறம் தானாக விழும். நிறைய என்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், குறைந்தால் சிவப்பு. சிவப்பு மலைகளைக் காடாக விட்டுவிடக் கம்பெனி முடிவு செய்திருந்தது.

பகல் பன்னிரண்டுக்கு இணைத்தாள். பக்கத்து எட்டாம் மலை கடும் பச்சையாக விழ, ஒன்பதாம் மலை இரத்தச் சிவப்பாக விழுந்தது. அவள் அம்மா இராக்கம்மாவும் பதினேழு பெண்களும் கொழுந்து பறிக்கும் மலை. அது போனால் அவர்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஒன்பதுல கொழுந்தே இல்லையாம்மா?"

"யாருடி சொன்னது? தூக்கி முதுகு ஒடியுது."

"எங்க நிறுக்குறீங்க?"

"படிச்சவ கேக்குற கேள்வியப் பாரு! தை மழையில மண்ணு சரிஞ்சு எங்க மடுவத்துக்குப் பாதையே இல்ல. ஏழு மாசமா எட்டாம் மலை மடுவத்துலதான் நிறுக்குறோம். ஒங் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லலையா?"

பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகைதான் மடுவம். எந்த மடுவத்தில் நிறுத்தார்களோ அந்த மலையின் பேரில்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். எட்டு ஏன் அவ்வளவு பச்சை என்று சுலோஜனாவுக்கு இப்போது விளங்கியது. எழுந்து போய் மேலதிகாரி சிதம்பரநாதனிடம் சொன்னாள்.

"மூண்டு மணிக்கு இந்தப் படத்தை வைச்சுத்தான் கூட்டம், பிள்ளை. உங்கட அம்மான்ர பேச்சை நான் எப்பிடிக் கணக்கெண்டு காட்டுறது?"

"அப்ப ரெண்டு மலைக்கும் நடுவுல உள்ள கோட்டை அழிக்கிறேன் சேர். கொழுந்து ஒரே மடுவத்துலதானே நிறுக்குறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். அவருக்கும் அலுப்புத்தான்.

"அழியுங்கோ. கீழ காரணத்தை எழுதுங்கோ. அடுத்த கூட்டத்துக்கு முதல் கணக்கப்பிள்ளையிட்ட ரெண்டையும் பிரிச்சு வாங்கவேணும். இல்லாட்டி எனக்கும் கதைக்க வாய் இல்லை."

மதியச் சோறு மேசையில் ஆறிக் கிடந்தது. அவள் கோட்டை அழித்தாள். இரண்டு மலையும் ஒன்றாகி மஞ்சளாக விழுந்தன. அடுத்த கூட்டம் வரை ஒரு மாதம் தாங்கும். படத்தின் அடியில் ஒரு வரி தட்டினாள்:

ஒன்பதாம் மலையின் ஏழு மாதக் கொழுந்து எட்டாம் மலைக் கணக்கில் இருக்கிறது. இன்னும் திருப்பித் தரப்படவில்லை.