நான்காவது அடுக்கு

தையல் சங்கத்தின் நட்புப் போட்டிக்குக் கிளம்பும் நேரம். டெய்லரம்மா ஒட்டுப்போர்வையின் கடைசித் தையலைப் போட்டு, குதிக்காத குறையாக உதறித் தூக்கினாள். கூடவே சாப்பாட்டு மேஜையின் பூப்போட்ட விரிப்பும் எழுந்து வந்தது! மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்கைத் தைக்க வேண்டியவள், அவசரத்தில் அதையும் சேர்த்துத் தைத்திருந்தாள்.

"ஐயையோ, அது தங்கச்சி ஆசையா குடுத்ததாச்சே!" என்று தலையில் கைவைத்தார் கணவர்.

"வாயைத் திறந்தீங்க, உங்களையும் சேர்த்துத் தைச்சிடுவேன்!"

பிரிக்க நேரமேது? விரிப்பைச் சுற்றிலும் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டு ஓடினாள்.

போட்டியில் எல்லோரும் போர்வையின் பின்பக்கத்தைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். நடுவராக வந்திருந்த நாத்தனாரும் தடவிப் பார்த்தாள்.

"அள்ளுது அண்ணி! ஆனா இந்தத் துணியை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

"மொதல்ல பரிசு யாருக்குன்னு சொல்லு. அப்புறம் எங்கேன்னு நான் சொல்றேன்."