இனம் தெரியாதது – மூன்று

தாவரவியல் வரலாற்றில், இருபத்தைந்து சதுரங்களை ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்த முதல் மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பிற்காலத்தில் யாராவது தேடினால் பதிவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். சதுரம் என்பது மீட்டர் நீள பிளாஸ்டிக் குழாய்கள் நான்கைச் சேர்த்துச் செய்த சட்டம். காட்டுத் தரையில் அதைப் போட்டு, உள்ளே முளைத்திருக்கும் ஒவ்வொரு செடியையும் எண்ணிப் பெயரோடு தாளில் எழுத வேண்டும். சாதாரண மாணவனுக்கு ஒரு சதுரத்துக்கு அரை மணி நேரம் ஆகும். பெனிஷாவுக்கு ஒன்றரை மணி. எனக்கு மூன்று நிமிடம். ரகசியம் எளிது: நான் சட்டத்தைத் தரையில் போடுவதே இல்லை.

மேகமலைச் சரணாலயத்தில், சோலை முடிந்து புல்மேடு தொடங்கும் விளிம்பில் ஒரு குங்கிலிய மரம் நிற்கிறது. அடிமரம் நெடுகப் பழைய அரிவாள் வெட்டுகள், வெட்டுகளுக்குக் கீழே கறுத்து உறைந்த பிசின். அந்தச் சரிவில் அது ஒன்றுதான். அதற்குக் கன்று உண்டா என்பதுதான் என் வகுப்புத் தோழி பெனிஷாவின் முதுகலை ஆய்வு. இரண்டு மாதமாகத் தேடியும் கொட்டைகள்தான் கிடைத்தன. தை பிறந்துவிட்டது. கோடையில் தீ ஏறாமலிருக்க, அந்த விளிம்பு நெடுகத் தரையைச் சுரண்டித் தீத்தடுப்புக் கோடு போடுவது வழக்கம். "கன்னு இருக்குன்னு காட்டும்மா, கோட்டைத் தள்ளிப் போட்டுக்கிறோம்" என்றிருந்தார் வனவர் கிருபாவதி. காட்டாவிட்டால் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்வெட்டி. அவகாசம் குறைவு என்பதால் சரிவின் மேல்பாதியை அவள் எடுத்துக்கொண்டு, மரத்தடியுள்ள கீழ்ப்பாதியை உதவிக்கு வந்த என்னை நம்பிக் கொடுத்தாள்.

அவள் வேலை செய்வதை முதல் நாள் நின்று பார்த்தேன். குப்புறப் படுத்து, ஒரு சருகை எடுத்து, அடியில் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்த பக்கம் மேலாக வைத்தாள். 'லாபம், ரெண்டு, மூணு' என்று எண்ணினாள். அவள் அப்பா இராயப்பன்பட்டியில் தேங்காய் எண்ணுகிறவர். அந்த வீட்டில் யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை.

"ஏ புள்ள, சருகு என்ன சீர்வரிசைத் தட்டா? எடம் மாறுனா சம்பந்தி வீட்டுல கோவிச்சுக்குவாகளா?"

"அடியில குடியிருக்கவன் கோவிச்சுக்குவான்டா. உங்க வீட்டுக் கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போனா நீ சும்மா இருப்பியா?"

"எங்க வீடு கான்கிரீட்டு."

புதன்கிழமை மரத்துக்கு எதிரே பாறையில் உட்கார்ந்து, புளிச்சோறு தின்றபடி இருபத்தைந்து தாள்களையும் நிரப்பினேன். எல்லாம் தெரிந்தவன் எழுதியதுபோல் இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? பதினேழாம் தாளில் 'இனம் தெரியாதது – 3' என்று எழுதினேன். என் கலையின் உச்சம் அது.

சாயங்காலம் முகாமில் பெனிஷா தாள்களைப் புரட்டினாள். பதினேழில் நின்றாள்.

"இது எங்கன பாத்த?"

"மரத்துக்குக் கீழ்ப்பக்கம்."

"எலை எப்படி இருந்துச்சு?"

யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. பொறு என்று கையை விரித்துக் காட்டினேன். அவள் என் கையையே பார்த்தாள்.

"அஞ்சு விரலா? இப்படி விரிஞ்சா?"

நானும் என் கையைப் பார்த்தேன். "ஆமா."

பெரிய குங்கிலியத்தின் இலை ஒரு காம்பில் இரு வரிசையாக இருக்கும். முளைத்ததும் விரியும் முதல் இலைகள் மட்டும் கை மாதிரி இருக்குமாம். வகுப்பில் சொன்னார்களாம். அன்று நான் கல்லூரிக்குப் போயிருந்தேன், வகுப்புக்குப் போகவில்லை. பெனிஷா சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

கோட்டை மாற்ற மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்று, பதினேழாம் தாளோடு வியாழன் முதல் பஸ்ஸில் அவள் சின்னமனூருக்கு இறங்கினாள். ஆட்கள் வருவதற்குள் மூன்று கன்றுக்கும் குச்சி நட்டு அடையாளம் வைக்க வேண்டியது என் பொறுப்பு. காவலர் சுருளிராஜன் அண்ணன் குச்சிகளோடு கூட வந்தார்.

"எங்கன தம்பி அந்த மூணு?"

"இங்கனதாண்ணே. சுத்தி."

"சுத்தின்னா கேரளா வரைக்கும் காடுதான்." பாறையில் உட்காரப் போனவர் குனிந்து பார்த்தார். "புளிச்சோத்துப் பருக்கை கெடக்கு. நேத்து இங்கன இருந்தேதான் எண்ணுனியாக்கும்?"

சட்டத்தை முதன்முறையாகத் தரையில் போட்டேன்.

நின்று பார்த்தால் சருகுதான் தெரிந்தது. உட்கார்ந்தேன், அப்போதும் சருகு. படுத்த பிறகுதான் அதற்குள் ஒரு ஊர் இருப்பது தெரிந்தது. நகக்கண் அளவுக்குச் சுருண்ட பெரணி. ஒரே ஒரு இலையை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பற்றி இன்னும் முடிவெடுக்காத ஏதோ ஒன்று. நூல் மாதிரிக் கொடி, அதன் நுனி எதையோ பிடிக்கப் போய்ப் பாதியில் நின்றிருந்தது. மூன்று பட்டையுள்ள ஒரு குங்கிலியக் கொட்டை கிடந்தது. ஒரு பக்கம் திறந்து உள்ளே காலி. எலி தின்றதா, முளைத்துப் போனதா? தின்றிருந்தால் விளிம்பில் பல் பட்டிருக்காதா? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கொட்டைக்கு மட்டும் என் பழைய கணக்கில் மூன்று சதுரம் போயிருக்கும்.

நாலாவது சதுரத்தில் சரிவுக்குக் கீழே பேச்சுக்குரல் கேட்டது. கல்லில் மண்வெட்டி உரசியது.

"ஆளுக வந்துட்டாக தம்பி. என்ன சொல்ல?"

"பத்து நிமிசம்ணே. சட்டத்துக்குள்ள மட்டும் யாரும் மிதிக்க வேணாம்னு சொல்லுங்க."

அகலமான ஒரு சருகை எடுத்தேன். அடியில் வெளிறிய தண்டு ஒன்று வளைந்து நின்றது. தலை இன்னும் மண்ணுக்குள் இருந்தது. உள்ளே மடங்கியிருப்பது ஐந்து விரலா, வேறு ஏதாவதா என்று சொல்ல வழியில்லை. இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். "லாபம்" என்றேன், வாய்க்குள். காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. சருகை எடுத்த இடத்தில், எடுத்த பக்கம் மேலாக, மெதுவாக வைத்தேன்.