செருப்புக் கலர்

பிரிசில்லாவின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் தானியேல் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய போன் அவன் சட்டைப் பையில் அடித்தது. ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து அவனுக்கு இதுதான் வேலை. துடைத்தால் மனைவியின் முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"யக்கா! விரிஞ்சிடுச்சுக்கா! போன வாரம் பூத்தத விட பெருசு. நாளைக்கு நீங்க வர்றப்போ இன்னொண்ணு ரெடியா இருக்கும், கவலயே படாதீங்க..."

ஏலகிரி நர்சரியில் வேலை செய்யும் கோபி. மூச்சு விடாமல் பேசினான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள், சர்ச்சுக்காரர்கள், தானியேல் வேலை பார்க்கும் தோல் ஷாப் ஆட்கள் எல்லோருக்கும் தகவல் போயிருந்தது. ஒரு செடிக்காக அவளோடு வாரம் தவறாமல் பேசிய ஒருத்தன் மலைமேல் இருக்கிறான் என்பது புருஷனுக்கே மறந்துபோயிருந்தது.

"கோபி, நான் தானியேல் பேசறேன்."

"அண்ணே! அக்காகிட்ட குடுங்கண்ணே."

"அக்கா இல்லப்பா. நேத்து சாயங்காலம் வேலூர்ல டயாலிசிஸ் முடிச்சிட்டு வந்துனு இருந்தோம். வர்ற வழியிலயே போய்ட்டா."

மறுமுனையில் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தானியேல் குனிந்து பெட்டிக்குள் பார்த்தான். வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது. உள்ளே அவள் நேற்று எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். நோயில் கறுத்துப்போன உதடு, கண்ணுக்குக் கீழே வீக்கம், எதுவும் மாறவில்லை.

"கோபி, அந்தப் பூவ அறுத்து எடுத்துனு வர்றியா? நாலு மணிக்கு எடுக்கறாங்க. அவ கையில வச்சி அனுப்பிடறேன்."

"வர்றேண்ணே. ஈரத் துணியில சுத்தி..."

"துணியெல்லாம் வேணாம். இங்க அடிக்கற வெயில்ல துணி இன்னா தாங்கும்? மீன் வாங்கற தெர்மாகோல் பெட்டி இருக்குமில்ல, அதுல ஐஸ் போட்டு உள்ள வச்சி எடுத்துனு வா."

"ஐஸ் ஆவாதுண்ணே. விரிஞ்ச பூவு..."

"ஐஸ்ல வச்சா கெடாது கோபி. நான் கண்ணால பாத்துனு இருக்கேன்."

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் யார் வாதாடுவார்கள்? கோபி சரி என்றான்.

அந்தப் பூவைப் பற்றி இங்கே ஆம்பூரில் பேசினால் சிரிப்பார்கள். டே லில்லி. காலையில் விரியும், பொழுது சாய்ந்தால் சுருண்டுவிடும். சரம் கட்ட முடியாது, கொண்டையில் வைக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஜாடிக்கும் லாயக்கில்லை. பஜார் பூக்காரி சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டாள். அதுவே மலை ஏறிவிட்டால் அதற்கு வரும் மவுசே வேறு. ரிசார்ட்டுக்கு ரிசார்ட் வரிசை கட்டி வைப்பார்கள், பெங்களூர்க்காரர்கள் ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். அதிலும் ஒரு கூத்து. ஆம்பூர் மொட்டை மாடியில் புல் மாதிரி மண்டுகிற மஞ்சள் ரகத்தை மலையில் ஒருத்தரும் சீந்தமாட்டார்கள். மலையில் கொண்டாடுகிற கருஞ்சிவப்பு ரகம் கீழே வந்தால் பிழைக்காது. குளிரில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கி எழுந்தால்தான் அதற்குத் தெம்பு. ஆம்பூரில் எங்கே போய்த் தூங்கும்? வருஷத்துக்கு வருஷம் இளைத்து, ஒரு மே மாதத்தில் கிழங்கோடு அழுகிப்போகும்.

பிரிசில்லா நிறைய அழுகவிட்டாள், நிறைய அழுதாள். அப்புறம், "ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிடறேன் பாரு" என்று சொல்லி, கோபி கொண்டுவந்து கொடுத்த சிவப்பின் மகரந்தத்தை மாடியில் பூத்த மஞ்சளில் தடவினாள். கிடைத்த விதையில் முளைத்தது கொஞ்சம், தங்கியது ஒன்றே ஒன்று. பிள்ளை இல்லாத வீட்டில் அந்தத் தொட்டிக்கு நடந்த உபசாரத்தைப் பார்த்துத் தானியேலுக்குச் சில நாள் எரிச்சல்கூட வரும். அது முதல்முதலாகப் பூத்த அன்று அவனை ஷிப்ட் முடிந்து வந்த உடையோடே மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னா கலர், சொல்லு. நீதான் கலர் பாக்கற ஆளாச்சே."

அவன் ஷேடு பார்க்கிற ஆள். சாயம் ஏற்றிய தோல், கம்பெனிக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. அவன் சரி என்றால்தான் லாட் வெளியே போகும். பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டேன்."

"அப்டின்னா?"

"செருப்புக் கலர்."

தொழில் புத்தி, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அவள் முகம் தொங்கிப்போயிற்று. தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னாள்: "நம்மூரு வெயிலு உறிஞ்சிடுது. மலையில வச்சா இது வேற கலர்ல பூக்கும்." அந்த வாரமே தூரைப் பிரித்துப் பாதியைக் கோபியிடம் கொடுத்தனுப்பினாள். அப்புறம் அவளுக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் வேலூர் மெஷின், மற்ற நாளெல்லாம் படுக்கை. மலையில் நட்ட செடி வேர் பிடித்து மொட்டு வைக்கிறவரை அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் அது பூத்தது. கோபி போட்டோ அனுப்பினான். தானியேல் தான்கூடப் பார்க்காமல் ஆசையாகப் போனை நீட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு போனைக் கவிழ்த்துவிட்டாள்.

"போட்டோவுல ஷேடு பாக்கக் கூடாதுன்னு நீதானே உயிர விடுவ. டியூப் லைட்ல பாக்கக் கூடாது, போன்ல பாக்கக் கூடாது, பகல் வெளிச்சத்துல கண்ணால பாக்கணும். நேர்ல போய் பாத்துக்கறேன். நீயும் வா. ஒரு தடவ மெரூனு தோலு டியூப் லைட்ல டேனா தெரிஞ்சி ஏமாந்தியே, ஞாபகம் இருக்கா?"

சிரித்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுத் தபரேஸின் காரில் போவதாக இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு அவளை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து சவப்பெட்டியில் கிடத்தி, வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே வைத்தார்கள். வெள்ளைப் பட்டு, வெள்ளைக் கையுறை. அவள் தங்கை தேவகி கையுறையை மாட்டவந்தபோது தானியேல், "வலது கைய விடு, அப்புறம் போடலாம்" என்றான். அவள் இடது கையில் மட்டும் மாட்டினாள்.

நாலு மணி ஆனது. பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டுக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்துவிட்டு விசிறிக்கொண்டு நின்றார்கள்.

"மூடிடலாமா தம்பி?"

"ஒரு ஆளு வரணும் பாஸ்டர்."

"எங்க இருந்து?"

"ஏலகிரியில இருந்து."

அவர் தலையாட்டினார். ஏலகிரியில் பிரிசில்லாவுக்கு ஒரு சொந்தம் இருக்கிறது போலும் என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். தானியேல் போன் போட்டுப் பார்த்தான். ஒருமுறை எடுத்த கோபி, "சனிக்கெழம, மலையில ஒரே காருண்ணே, இப்பதான் எறங்கினேன், வாணியம்பாடி தாண்டிட்டேன்" என்று காற்றுக்கு நடுவில் கத்தினான். தபரேஸ் தெருமுனைக்குப் போய் நின்றான். வெயில் சாய்ந்தபடியே இருந்தது.

"நேரம் ஆச்சு தம்பி. கல்லறைத் தோட்டம் தூரம். பொழுது சாஞ்சா குழிக்காரங்க நிக்கமாட்டாங்க."

"கொஞ்ச நேரம், பாஸ்டர். இவ்ளோ நாள் காத்துனு இருந்துட்டா. இன்னும் கொஞ்ச நேரம்."

கடைசியில் தெருமுனையில் ஒரு பைக் சத்தம் கேட்டது. "வந்தாச்சு, வந்தாச்சு, வழி விடுங்க!" என்று தபரேஸ் முன்னால் ஓடிவந்தான். வருகிறது அண்ணனோ தம்பியோ என்று கூட்டம் பயபக்தியோடு விலகியது. முகமெல்லாம் புழுதியாக, யாருக்கும் தெரியாத ஒருவன் மீன் பெட்டியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.

தானியேல் மூடியைத் திறந்தான்.

ஐஸ் பாதி கரைந்திருந்தது. நடுவில், தண்டின் நுனியில், கறுப்பாக ஏதோ ஒன்று நசநசவென்று தொங்கிக்கொண்டிருந்தது. சாயத் தொட்டியிலிருந்து எடுத்த தோல் துண்டு போல. இதழ் என்று ஒன்று தனியாக இல்லை.

கோபி அழுதுவிட்டான். "ஐஸ் பட்டா கருகிடும்ண்ணே. அக்காதான் எனக்கே சொல்லிக் குடுத்தாங்க. நீங்க சொன்னீங்களேன்னு..."

"காலையில இன்னா கலரா இருந்துச்சு?"

கோபி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "செவப்புதாண்ணே. ஆனா செவப்பு இல்ல. எப்டி சொல்றது... போட்டோ எடுத்து வச்சிருக்கேன், பாக்கறீங்களா?"

"வேணாம்."

தானியேல் அதை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தான். பெட்டிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, அவளுடைய வெறும் கையை விரித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான். விரலிடுக்கில் கருஞ்சாறு கசிந்து சேலையை நோக்கி இறங்கியது.

"மாமா, இன்னா பண்றீங்க! வெள்ளப் பொடவ, கற ஆயிடும்!" தேவகி பாய்ந்து வந்து தன் முந்தானையால் அக்காள் கையைத் துடைத்தாள். அந்த நசுங்கிய கறுப்பையும் அதிலேயே வழித்தெடுத்து ஓரமாக எறிந்தாள். கையுறையை மாட்டி, ஒரு ரோஜாவைச் செருகினாள்.

"இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தானியேல் தன் வலது கையைப் பார்த்தான். கட்டை விரலிலும் ஆட்காட்டி விரலிலும் கறை ஏறியிருந்தது. அந்தப் பூவில் மிச்சம் அவ்வளவுதான். ஆனால் தலைக்குமேல் சிவப்பும் மஞ்சளுமாக ஷாமியானாத் துணி. அதற்குக் கீழே எல்லார் முகமும் மஞ்சள், பாஸ்டரின் வெள்ளை அங்கி சிவப்பு. இந்த வெளிச்சத்தில் ஷேடு பார்க்க முடியாது. நாலெட்டு வைத்துத் தெருவுக்குப் போனால் வெயில் இருந்தது. அதற்குள், "தானியேல், தூக்கு, தலமாட்டுப் பக்கம் வா" என்று கூப்பிட்டுவிட்டார்கள். மூடி இறங்கியது. முகம் மறைந்தது. அடக்கம் முடியட்டும், வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, மணிக்கட்டாலும் தோளாலும் பெட்டியைத் தாங்கினான்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போடச் சொன்னபோது இடது கையால் அள்ளிப் போட்டான். பாஸ்டர் ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ பேர் கையைப் பிடிக்க வந்தார்கள். வலது கை பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது.

குழியை மூடி, சிலுவை நட்டு, ஒவ்வொருவராக ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் பாலாற்றுப் பக்கம் வெளிச்சம் வற்றிவிட்டது. தபரேஸின் காரில் திரும்பினார்கள். முன் சீட்டில் உட்கார்ந்து தானியேல் வெளியேவே பார்த்துக்கொண்டு வந்தான். பைபாஸ் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

வீட்டு வாசலில் ஷாமியானாவைப் பிரித்துவிட்டிருந்தார்கள். மூங்கில் கம்பத்தில் கட்டிய டியூப் லைட் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தேவகி பக்கெட்டில் தண்ணீரும் சொம்புமாக நின்று, சாவுக்குப் போய்வந்தவர்களுக்குக் கை கால் கழுவ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவன் முறை வந்தது. பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து, விளக்குக்கு நேரே விரல்களை விரித்தான்.

டேன்.

"கைய நீட்டுங்க மாமா" என்றாள் தேவகி.

நீட்டினான்.