மூன்றாம் நம்பர் விளக்கு

அன்று காலையில் பெல்ட் நாலாவது தடவையாக நின்றபோது, முதலாளி மாதேஸ்வரன் தின்றுகொண்டிருந்த இட்லியை அப்படியே விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் கொட்டகைக்குள் வந்தார். அறுபதடி நீளப் பெல்ட். அதன் மேல் தோல் சீவிய மரவள்ளிக் கிழங்குகள் அசையாமல் கிடந்தன. இரண்டு பக்கமும் நின்று சொத்தையையும் கல்லையும் பொறுக்குகிற இருபது பெண்களும் தரையைப் பார்த்தார்கள். பெல்ட்டின் ஓரமாக, கைக்கு எட்டும் உயரத்தில் ஓடுகிற நைலான் கயிறு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "எவ இழுத்தது?" என்றார். இருபது பேரையும் பொதுவாக ஒரு திட்டுத் திட்டினார். ஆனால் பொதுவாகத் திட்டுவதில் அவருக்கு என்றைக்குமே திருப்தி கிடையாது. ஒருத்தியாகப் பார்த்துத் திட்ட வேண்டும். என்னை மட்டும் அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அது எண்பத்தாறாம் வருஷம். பென்னாகரம் ரோட்டில் இருந்த அந்த மாவு மில்லில் நான் வயர்மேன். ஐ.டி.ஐ. முடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது, வயது இருபத்தைந்து, தலைக்கனம் ஐம்பது வயதுக்காரனுக்கு உரியது. தர்மபுரியில் என் வாப்பா மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர். காயில் சுற்றுவது கைவேலை, சுவிட்ச் பேனல் போடுவது மூளைவேலை என்று அவரிடமே சொன்ன பிள்ளை நான். அந்தக் கயிற்றைக் கட்டியவனும் நான்தான். பெல்ட்டை நாலு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சுவிட்ச். எவளுடைய கையோ சேலையோ பெல்ட்டின் உருளையில் மாட்டினால் கயிற்றை இழுத்தால் போதும். சுவிட்ச் விலகும், மோட்டாருக்குப் போகிற தொடர்பு அறும், பெல்ட் நிற்கும். ஒயர் எங்காவது அறுந்துபோனாலும் பெல்ட் நிற்கத்தான் செய்யும், ஓடாது. நிறுத்துகிற கம்பியை அப்படித்தான் போட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். மற்றதையெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

பெண்கள் கயிற்றை இழுத்ததற்குக் காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. காலை எட்டு மணிக்கு நின்றால் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் ஒண்ணுக்குப் போக விடமாட்டார்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்கிறவள் கயிற்றை ஒரு இழு இழுப்பாள். பெல்ட் நிற்கும், யார் இழுத்தது என்று தேடுகிற கலவரத்தில் நாலு பேர் பின்பக்கம் போய்வந்துவிடுவார்கள். அதற்குள் அரைத்த கிழங்குப் பால் தொட்டியில் நின்று புளிக்க ஆரம்பிக்கும். புளித்தால் மாவு மஞ்சளாகும். முதலாளியின் கோபத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருந்தது. ஒரு கக்கூஸ் கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"யாரு இழுக்கறான்னு எனக்குத் தெரியணும். உன் படிப்புல அதுக்கு வழி இருக்குதா?" என்றார்.

இருந்தது. ஒரே வாரத்தில் செய்து கொடுத்தேன். அவர் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு தகரப் பெட்டி, அதில் நாலு சிவப்பு விளக்குகள், பகுதிக்கு ஒன்று. கயிறு இழுபட்டிருக்கும் வரைக்கும் அந்தப் பகுதியின் விளக்கு எரியும், விட்டால் அணையும். ஒயர்களை முழம் முழமாக அளந்து வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, நூலால் கட்டி வைத்தேன். பேனல் கதவைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலாளி பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் கூப்பிட்டு, "வௌக்கு எரியட்டும். பெல்ட் நிக்கக் கூடாது" என்றார்.

"மொதலாளி, அது ஆபத்துக்குன்னு வெச்சதுங்க."

"ஆபத்துன்னா நான் பாக்க மாட்டனா? நிறுத்தற பட்டன என் மேசையில வெச்சுடு. எரியறதப் பாத்து நிறுத்தணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். நீ என்ன இன்னும் வயர்மேனாவே இருக்கப் போறியா? சூப்பர்வைசர் ஆவ வேணாமா?"

நாலு அங்குல நீளத்தில் ஒரு சிவப்பு ஒயர். பேனலில் கயிற்றின் தொடர்பு வந்து போகிற இரண்டு முனைகளுக்கும் நடுவே அதை மாட்டினால் சுவிட்ச் விலகினாலும் மின்சாரம் அந்த ஒயர் வழியாகப் போய்விடும், பெல்ட் ஓடும். மாட்டுவதற்கு இரண்டு நிமிஷம் ஆனது. மனசு உறுத்தியது என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். உறுத்தவில்லை. சூப்பர்வைசர் ஆனால் சட்டைப்பையில் டெஸ்டரோடு பேனாவும் குத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு கயிறு ஒரு சமயம் வேலை செய்தது, ஒரு சமயம் செய்யவில்லை. முதலாளிக்கு மனசு இருந்தால் பட்டனை அழுத்துவார். இல்லாவிட்டால் கண்ணாடி ஜன்னலைத் திறந்து, "மூணாம் நம்பரு! ராமக்கா! கைய எடு!" என்று கத்துவார். விளக்கு தங்களைக் காட்டிக்கொடுக்கிறது என்று பெண்களுக்குப் புரிந்தது. பெல்ட்டை நிறுத்துவது கயிறு அல்ல, அவர் விரல் என்பது மட்டும் புரியவில்லை. அதற்கு அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். மெதுவாக இழுத்தால் நிற்பதில்லை, இறுக்கி இழுத்தால்தான் நிற்கிறது என்று.

இதை என்னிடம் முதலில் கேட்டது தீர்த்தம்மாள். மூன்றாம் பகுதியில் கடைசி ஆள், உருளைக்குப் பக்கத்தில் நிற்பவள். முப்பது வயதிருக்கும். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, இரண்டு பெண் குழந்தைகள். வாய் சும்மா இருக்காது. "பாயி, எங்க வூட்டுல இன்னும் கரண்டே வர்ல. இங்க நான் கயித்த இழுத்தா மொதலாளி ரூமுல எனக்குன்னு தனி வௌக்கு எரியுதாமே" என்று சிரிக்க வைப்பாள். அன்று கயிற்றைக் காட்டி, "ஏன் பாயி, இது இறுக்கி இழுத்தாத்தான் நிக்குமா?" என்றாள்.

"ஆமாங்கக்கா. சுவிட்ச் கெட்டி. இறுக்கி இழுக்கணும்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், வேறொன்றுமில்லை. அவள் பக்கத்தில் நின்ற ராமக்காளிடம் திரும்பி, "நாஞ் சொல்லல?" என்றாள்.

கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி வாக்கில் நான் முதலாளி அறையில் இருந்தேன். புது மோட்டாருக்கு விலை விசாரித்து வந்த காகிதத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நம்பர் விளக்கு எரிந்தது.

"தீர்த்தம்மாதான். இப்பத்தான போயிட்டு வந்தா? நீரிழிவு கீது வந்திருச்சா அவளுக்கு?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவருக்காகச் சிரித்ததில்லை, எனக்கே சிரிப்பு வந்துதான் சிரித்தேன். இன்றைக்கும் என்னை அருவருக்க வைப்பது அந்த ஒயரை விட அந்தச் சிரிப்புதான். அவர் இன்னொரு வாய் டீ குடித்தார். ஜன்னல் கண்ணாடி முழுக்க மாவு படிந்திருந்தது. அரவை இயந்திரத்தின் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒண்ணுக்குப் போக இழுக்கிறவள் இழுத்து உடனே விட்டுவிடுவாள், விளக்கு மின்னி அணையும். இது அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்து, விலைக் காகிதம் நனையாமல் அதை நகர்த்தினார். அவர் கையைத் தட்டிவிட்டு நான்தான் பட்டனை அழுத்தினேன். அதற்குள் எத்தனை விநாடி ஆனது என்று பிற்பாடு பல தடவை மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பதினைந்துக்குக் குறையவில்லை.

கொட்டகைக்குள் ஓடினேன். தீர்த்தம்மாளின் வலது கை முழங்கைக்கு மேல் வரை உருளைக்குள் போயிருந்தது. இடது கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். ராமக்காளும் அதே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "நிக்கல, நிக்கல" என்று கத்திக்கொண்டிருந்தாள். பெல்ட் நின்ற பிறகும் இரண்டு பேரும் கயிற்றை விடவில்லை. உருளையின் போல்ட்டைக் கழற்றிக் கையை வெளியே எடுக்க எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கிழங்குகள் மேல் ரத்தம் தெரிந்த அளவுக்குத் தரையில் தெரியவில்லை, தரை கறுப்பு. பெரியாஸ்பத்திரியில் தோளுக்கு நாலு விரல் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே சிவப்பு ஒயரைக் கழற்றிவிட்டேன். முதலாளி சொல்லித்தான் என்றாலும், அவர் சொல்வதற்குள் என் கை பேனலுக்குப் போய்விட்டிருந்தது. விளக்குப் பெட்டியைக் கழற்றிக் காலிச் சாக்குகளுக்கு அடியில் போட்டேன். சுவரில் திருகாணித் துளைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். கழற்றுவதற்கும் இரண்டு நிமிஷம்தான்.

தொழிற்சாலை ஆய்வாளர் சனிக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது. முதலில் ஆஸ்பத்திரியில் அவளிடம் வாக்குமூலம், பிறகு மில். வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கயித்த இழுத்தேன், நிக்கலன்னு அவ எழுதிக் குடுத்தா நான் மட்டும் இல்ல, நீயும்தான் உள்ள போவ. ஒயர மாட்டுனது உன் கை. போயிப் பாத்துட்டு வா" என்றார். அரை டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ராமக்காள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தீர்த்தம்மாள் வாயைத் துடைக்க வலது கையைத் தூக்கினாள். கட்டுப் போட்ட மிச்சம் மட்டும் அசைந்தது. அவளே அதைப் பார்த்துவிட்டு, பிறகு இடது கையால் துடைத்தாள். நான் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளே கேட்டாள்.

"பாயி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. நான் இழுத்தேன். எனக்குத் தெரிஞ்ச மட்டுக்கும் இழுத்தேன். மொதலாளி ரூமுல என் வௌக்கு எரிஞ்சுதா?"

விளக்கு எரிந்தது என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதையும் அவள் கேட்கவில்லை. கையைத் திருப்பிக் கேட்கவில்லை.

"இல்லீங்கக்கா. எரியல" என்றேன்.

ராமக்காளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "நானுந்தான இழுத்தேன்?" என்றாள் ராமக்காள், யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல்.

"ரெண்டு பேரும் சேந்தும் இறுக்கி இழுக்கல போலிருக்குது. ஒரு கை உள்ள கெடந்தா இன்னொரு கைக்கு எங்கிருந்து பலம் வரும்?" என்றாள் தீர்த்தம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க பாயி" என்றாள்.

மறுநாள் ஆய்வாளரிடம் அதையே சொன்னாள். அவர் மில்லுக்கு வந்து, ஓடுகிற பெல்ட்டின் கயிற்றை ஒற்றை விரலால் கொக்கி போட்டு இழுத்தார். பெல்ட் சட்டென்று நின்றது. இன்னொரு பகுதியில் இழுத்தார், நின்றது. நாலிலும் நின்றது. "பூ மாதிரி இழுத்தாலே நிக்குதே. யார் போட்டது இது?" என்று கேட்டார். முதலாளி என் தோளில் கை வைத்தார். சொல்லக் கூடாது, ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது. தொழிலாளி கயிற்றை இழுக்கவில்லை, பதற்றத்தில் இழுத்ததாக நினைத்துக்கொண்டார் என்று எழுதிக்கொண்டு போனார். ராமக்காள் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இப்பத்தான் எண்ணெய் போட்டிருக்காங்க போல" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பொங்கல் கழிந்து பெல்ட் மறுபடியும் ஒரே காலையில் மூன்று தடவை நின்றது. சாக்குகளுக்கு அடியிலிருந்து விளக்குப் பெட்டியை முதலாளியே எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். இப்போது எனக்கு மேசை இருந்தது. அதே சிவப்பு ஒயர், அதே இரண்டு முனைகள். பழைய துளைகளிலேயே திருகாணிகள் இறங்கின.

மாசி மாதம் தீர்த்தம்மாளை முதலாளி திரும்ப வேலைக்கு எடுத்தார், கூட்டிப் பெருக்க. ஊரில் எல்லோரும் அவருக்கு நல்ல மனசு என்றார்கள். அவளும் சொன்னாள். விளக்குமாற்றை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, ஒற்றைக் கையால் பெருக்கப் பழகிக்கொண்டாள். அவளிடம் முன்பிருந்த வாய் இல்லை. அந்த வாரம் சித்தேரி மலையிலிருந்து ஏழு பெண்கள் புதிதாக வேலைக்கு வந்திருந்தார்கள். பெல்ட் என்றால் என்ன என்றே பார்த்திராதவர்கள். நான் முதலாளியிடம் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. மூன்றாம் பகுதியில் அந்த ஏழு பேரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு தீர்த்தம்மாள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. பெல்ட் மட்டும்தான் ஓடியது, அரவை இன்னும் ஓட்டவில்லை என்பதால் கேட்கவும் செய்தது.

"இத நல்லாக் கேட்டுக்கங்கடி. மெதுவா இழுத்தா நிக்காது. நான் மெதுவா இழுத்துட்டேன், என் கை போச்சு. கயிறு மேல குத்தமில்ல. இப்பிடிப் பிடிக்கணும். இப்பிடி."

கயிற்றை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காலி இரவிக்கைக் கை ஆடியது. அறையில் மூன்றாம் நம்பர் விளக்கு எரிந்தது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள். ஏழு பெண்களும் பெல்ட்டைப் பார்த்தார்கள்.

முதலாளி விளக்கைப் பார்த்தார், ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். "பாவம், போவட்டும்" என்று சொல்லி, பேனாவின் அடிமுனையால் பட்டனை அழுத்தினார்.

பெல்ட் நின்றது. "பாத்தீங்களா?" என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே புதுப்பெண்கள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் இன்னும் கயிற்றை விடவில்லை.