பெண் பார்க்கும் சுவர்

எனக்குப் புதுச்சேலை எடுத்ததைவிட எங்கள் வீட்டு முன்னறைச் சுவருக்கு டிஸ்டெம்பர் எடுத்ததுதான் அதிகம். என்னைப் பெண் பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால் முதலில் பெயிண்டருக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். வந்தவர்கள் பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொல்லிப் போவார்கள். தகவல் வராது. உடனே அந்த நிறத்துக்கு ராசியில்லை என்று அடுத்த முறைக்கு வேறு நிறம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டில் கூடத்தையே மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

நான் கருப்பு. இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மா முந்திக்கொண்டு மாநிறம் என்று சொல்லிவிடுவாள். அம்மா வடிவம்மாளைக் குறை சொல்ல முடியாது, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அப்பா பாலசுப்பிரமணியன் கருவூலத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் பெரிய பெரிய அதிகாரிகளை எதிர்த்துக் குறிப்பு எழுதியவர், வீட்டில் தன் அக்கா சொர்ணாம்பாளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். சுவருக்கு நிறம் சொல்வது அந்த அத்தைதான்.

அத்தையிடம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சாஸ்திரம் இருந்தது. ரோஸ் அடித்தால் அந்தச் சிவப்பு முகத்தில் வந்து விழும். வெளிர்பச்சை கருப்பைத் தூக்கிக் காட்டும், ஆகவே ஆகாது. சந்தன நிறம் லட்சுமி கடாட்சம். ஒவ்வொரு முறையும் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, எந்த நிறச் சுவர் எனக்கு எடுக்கும் என்று பார்க்க, பீரோவில் இருக்கிற சேலைகளை ஒவ்வொன்றாக என் முதுகுக்குப் பின்னால் விரித்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். "ஏட்டி, மூஞ்ச நிமித்து. இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பு," என்பாள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவன்கூட அதன் முதுகுக்குப் பின்னால் சேலை பிடிப்பதில்லை.

இதுகூடப் பரவாயில்லை. கல்லூரி முடித்த பிறகு என்னை வெளியே விடுவதை நிறுத்திவிட்டார்கள். சந்தேகமோ கண்டிப்போ அல்ல, வெயில்தான் காரணம். "வெயில்ல அலைஞ்சா இன்னும் கருத்துப் போவா," என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னாள். அன்றிலிருந்து தச்சநல்லூரில் அந்த வீடும் அதன் பின்கட்டும்தான் எனக்கு ஊர். மாடியில் துணி காயப்போடுவதற்குக்கூட வெயில் இறங்க வேண்டும். தெருப்பக்கம் இருந்த ஜன்னலுக்குத் தடித்த திரை. டவுண் பஸ் போகிற சத்தத்தை வைத்தே மணி சொல்லப் பழகியிருந்தேன். சில நாட்கள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளித் தண்ணீரைக் காலால் எட்டி உதைத்திருக்கிறேன். அவ்வளவு கோபம் வரும்.

அத்தைக்கு முழங்கால் வலி வந்தது என் அதிர்ஷ்டம். கடை கடையாக ஏறி இறங்கி நிறம் தேட அவளால் முடியவில்லை. என்னையே கூட்டிக்கொண்டு போய், தான் ஒரு கடையில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்துவரச் சொன்னாள். குடையோடுதான். அன்றைக்குப் புரிந்துகொண்டேன், இந்த வீட்டுக் கதவு நிறம் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மட்டும்தான் திறக்கும். அதற்குப் பிறகு எனக்கு எந்த நிறமும் சீக்கிரம் பிடிக்கவில்லை.

டவுண் ரதவீதி ஜவுளிக்கடைகளில் அடுக்கி வைத்த சேலைகளின் மடிப்பு ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடப்பேன். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் இரண்டும் எழும்புகிறது, எது வந்தால் இரண்டும் செத்துப்போகிறது என்று அங்கேதான் கற்றேன். கத்தரிக்காய் நிறத்துக்குப் பக்கத்தில் கடுகு மஞ்சள் வைத்தால் கத்தரிக்காய்க்கே ஒரு மரியாதை வந்துவிடும். அத்தை உட்கார்ந்திருந்தது பீர் மைதீன் அண்ணாச்சியின் கடையில். திரைச்சீலை, மெத்தை விரிப்பு, சோபாத் துணி, பெயிண்ட் கம்பெனிகளின் ஷேடு கார்டு எல்லாம் அங்கே உண்டு. மேலப்பாளையத்தில் வளைகுடா சம்பாத்தியத்தில் புதுவீடு கட்டுகிறவர்கள் அந்தக் கடைக்குத்தான் வருவார்கள்.

ஒருநாள் முஃபீதா என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், புருஷன் தம்மாமிலிருந்து அனுப்பிய போட்டோவை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தாள். எவனோ அரபிக்காரன் வீட்டு வரவேற்பறை. சுவரெல்லாம் தங்க நிறம், தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம். "அவுக இதே மாதிரி வேணும்ங்காக. எனக்குப் பாத்தாலே வேக்குது," என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது ஏசிக்குள்ள இருக்குத வீடு. நம்ம வெயிலுக்குத் தங்க நெறம் கண்ணு கூசும். சுவத்துக்கு மோர் நெறம் அடிங்க. தங்கத்தத் திரையோட கரையில மட்டும் வைங்க. போட்டோ எடுத்து அனுப்பினா அவுகளுக்குத் தங்கம்தான் தெரியும், உங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கும்," என்றேன். முஃபீதா சிரித்துவிட்டாள். அப்படியே செய்து, அடுத்த வாரம் தன் மாமியையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.

பீர் மைதீன் அண்ணாச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அத்தையிடமே பேச்சை எடுத்தார். "ஆம்பளைக எல்லாம் சவுதியில இருக்காங்க. பொம்பளைக மட்டும் இருக்குத வீட்டுக்குள்ள நான் போயி அளவெடுக்க முடியுமா, கலர் சொல்ல முடியுமா? இந்தப் புள்ள மாதிரி ஒரு ஆளு இருந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும். என் வீட்டுக்காரியவே கூட அனுப்புதேன். வேன்ல கொண்டுபோயி வேன்லயே கொண்டுவந்து விட்டுருதேன், வெயில் படாது." அவருக்கும் எங்கள் வீட்டு வியாதி தெரிந்திருந்தது.

ஊரில் இருக்கிற வீடுகளுக்குள் எல்லாம் போய், அங்கே இருக்கிற பெண்களிடம் பேசி, அவர்கள் சுவரைப் பார்த்துச் சொல்கிற வேலை. இப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அது எனக்கு வேண்டும் என்று இருந்தது. வேறு எதையும் நான் அப்படி விரும்பியதில்லை.

அப்பா மறுக்கவில்லை. அதுதான் அவர் சாமர்த்தியம். "மொதல்ல கல்யாணம் முடிவாகட்டும். பொறவு மாப்பிள்ளையைக் கேட்டுக்கிட்டுத் தாராளமா போ. நான் குறுக்க நிக்கமாட்டேன்," என்றார். ஆக, நான் வேலைக்குப் போக வேண்டுமானால் எனக்குக் கல்யாணம் முடிவாக வேண்டும். கல்யாணம் முடிவாக வேண்டுமானால் அந்தச் சுவர் வேலை செய்ய வேண்டும். அதுவரை சுவர் ஏமாற்றியதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கவலை வந்துவிட்டது.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போனோம். அப்பா தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் படித்துறையில் உட்கார்ந்து கல்லில் கையை ஊன்றியிருந்தேன். ஆற்றுத் தண்ணீர் ஏறி ஏறி இறங்குகிற இடம். காய்ந்த கல் சாம்பல், நனைந்த கல் கருநீலம். காய்ந்த கல்லின் மேல் என் கை கரிக்கட்டையாக இருந்தது. நனைந்த கல்லின் மேல் வைத்ததும் அதே கை கோதுமை நிறத்துக்கு வந்துவிட்டது. கையை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷமும் வெளுத்த சுவராகப் பார்த்துப் பார்த்து அடித்து, அதன் முன்னால் என்னை இன்னும் கருப்பாக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அத்தையின் கருநீலச் சேலையை எனக்குப் பின்னால் பிடிக்கச் சொன்னேன். அவள் ஒரு கண்ணை மூடினாள். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடினாள். "வடிவு, இங்கன வா," என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும், "நல்ல காரியத்துக்கு இருட்டு நெறத்தையா அடிக்கச் சொல்லுதிய மதினி?" என்று இழுத்தாள். "நெறத்துல என்னட்டி இருக்கு? புள்ள செவப்பாத் தெரியுதால்லியா, அதப் பாரு," என்றாள் அத்தை. அவளுடைய சாஸ்திரம் அவ்வளவு சுலபமாக மாறிவிட்டது.

ஷேடு கார்டில் அந்த நிறம் இல்லை. சாம்பல் நிற டிஸ்டெம்பரில் சாயப் புட்டிகளை நானே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்தேன். ஒரே ஒரு சுவருக்குத்தான். மற்ற மூன்றுக்கும் மோர் நிறம். காலண்டர்களைக் கழற்றினேன். ஜன்னலின் தடித்த திரையை எடுத்துவிட்டு, மஞ்சளில் முக்கி அலசிய மாதிரி இருக்கிற ஒரு மெல்லிய துணியைத் தொங்கவிட்டேன். மூலையில் கிடந்த பித்தளைக் குத்துவிளக்கு, அந்தக் கருநீலத்துக்கு முன்னால் வைத்ததும், அப்போதுதான் பாத்திரக்கடையிலிருந்து வந்தது போல நின்றது. வேலை முடிந்து நடுவில் நின்று பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முதல் தடவையாக அது எங்கள் வீட்டு அறையாகத் தெரிந்தது. ஒரு நிமிஷம் பெண் பார்க்க வருகிறவர்களையே மறந்துவிட்டேன்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சிவசண்முகம் பொதுப்பணித் துறையில் இன்ஜினியர். கூட அவன் தாயார் உலகம்மாளும் ஒரு சித்தப்பாவும். நான் அரக்குச் சேலையில் காபித் தட்டோடு வந்து அந்தச் சுவரை ஒட்டி நின்றேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான், முகம் மலர்ந்தது. உலகம்மாள் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

தனியாகப் பேசட்டும் என்று எங்களைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல மனிதன்தான், குரலை உயர்த்தாமல் பேசினான். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். டவுணில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு போகலாமா?

"எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க," என்றான். அப்பா மாப்பிள்ளையைக் கைகாட்டினார், மாப்பிள்ளை அம்மாவைக் கைகாட்டுகிறான். தபால் இலாகாவில்கூட ஒரு கடிதம் இத்தனை மேசைக்குப் போகாது.

கேட்கப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. உலகம்மாளே தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்கு வந்துவிட்டாள்.

"அந்தச் சுவத்து நெறம் கடையில கெடைக்காதே. யாரு கலந்தா?"

"நான்தான் அத்தை."

"நெனச்சேன்." என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து புறங்கையைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "பயப்படாத. என்கிட்டயும் ரெண்டு பொண்ணு இருக்கு. ரெண்டும் இந்த நெறம்தான். நானும் வெள்ளையடிச்சு வெள்ளையடிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் கூடி வரல. இந்த வித்தை எனக்குத் தெரியாமப் போச்சே. நீ வந்து எங்க முன்னறையைக் கையில எடுத்துக்கோ தாயி. எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"எனக்கு டவுண்ல ஒரு வேலை..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணன் பொஞ்சாதி ஊர் சுத்தப் போனா நாத்தனார்களக் கேக்க வருதவன் என்ன நெனப்பான்? அதுக ரெண்டும் கரையேறட்டும். அதுவரைக்கும் நீயும் அதுக கூட வீட்டுலயே இரு. வெயில்லயும் போவாத," என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பார்த்திராத அந்த இரண்டு பெண்களும் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நாற்காலியில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். நேராக முன்னறைக்குப் போனேன். அதற்குள் அங்கே பேசி முடித்திருந்தார்கள்; தட்டு மாற்றுவதற்காக அப்பா வெற்றிலைத் தட்டில் பூவை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்," என்றேன். திக்கவில்லை, திணறவில்லை. மாப்பிள்ளை, அவன் சித்தப்பா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அத்தை கலகலவென்று சிரித்தாள். "பாத்தியளா, வீட்ட விட்டுப் போகணும்னதும் புள்ளைக்கு மனசு வரல. இந்த அறையப் பாத்துப் பாத்துச் செஞ்சவ அவதான."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடத் தலையைக் குனிந்துகொண்டு, அன்பாகத்தான் சிரித்தான். "இதுக்குப் போயி கலங்கலாமா? அங்கன வந்து இதே மாதிரி அடிச்சுக்கிடுவோம்," என்றாள் உலகம்மாள்.

"இல்ல, நெசமாவே எனக்கு வேண்டாம்," என்று மறுபடி வாயைத் திறந்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, திறந்த வாயில் ஒரு கை சீனியைப் போட்டாள். அது கரைவதற்குள் அப்பா தட்டை மாற்றிக்கொண்டார்.